எச்சரித்து எழுதிவைத்தால் போதுமா?

இரண்டு ஆச்சரியக்குறி, ஒட்டினாற்போல் ‘பைத்தான்’, ‘ஆப்ஜெக்ட்’, ‘அப்ளை’ என்று சாய்கோடு போட்டுப் பிரித்த மூன்று சொற்கள், ஒரு முக்காற்புள்ளி, பிறகு ‘ஓஎஸ் சிஸ்டம்’, கடைசியில் சதுர அடைப்புக்குள் ஏதோ ஒரு கணினிக் கட்டளை. மொத்தமே ஒரு வரிதான். இதைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி ஒரு சர்வருக்கு அனுப்புகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சர்வரில் ஓடும் பைத்தான் புரோகிராம், பை-யேமல் என்ற இலவச லைப்ரரியின் ‘லோட்’ கட்டளையைக் கொண்டு ஃபைலைப் படித்தால், அடைப்புக்குள் இருக்கும் கட்டளை அந்த இயந்திரத்தில் அப்படியே ஓடிவிடும். ஃபைல்களை அழிக்கச் சொல்லியிருந்தால் அழியும், வெளியே அனுப்பச் சொல்லியிருந்தால் போய்ச் சேரும். 2019 வரை இதுதான் நிலைமை. யாரோ தூக்கக் கலக்கத்தில் செய்த பிழை அல்ல இது. அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று திட்டமிட்டே லைப்ரரி எழுதப்பட்டிருந்தது. கையேட்டில் எச்சரிக்கையும் இருந்தது. அந்த எச்சரிக்கை ஏன் யாரையும் காப்பாற்றவில்லை, அதைச் சரிசெய்ய வந்த அப்டேட்டுகள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன என்பதைப் பார்த்தால், நம் கைப்பேசிக்கும் கணினிக்கும் வாராவாரம் வந்து குவியும் அப்டேட்டுகளைப் பற்றியே கொஞ்சம் தெளிவு கிடைக்கும்.

ஒரு புரோகிராம் ஓடும்போது அதன் தரவுகள் நினைவகத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: ஒரு வாடிக்கையாளர், அவருடைய முகவரி, அவர் வாங்கிய பொருட்கள், ஒவ்வொன்றின் விலை. இதைச் சேமித்து வைக்கவோ இன்னொரு கணினிக்கு அனுப்பவோ வேண்டுமானால் முதலில் அந்தப் பின்னலைப் பிரித்து வரிவரியான எழுத்தாகவோ பைட்டுகளாகவோ ஆக்க வேண்டும். மறுமுனையில் அதைப் படித்துப் பழையபடி கட்ட வேண்டும். பிரிப்பதை சீரியலைசேஷன் என்றும் கட்டுவதை டீசீரியலைசேஷன் என்றும் சொல்கிறார்கள். ரயில் டிக்கெட் எடுத்தாலும் வங்கி இருப்பைப் பார்த்தாலும் பின்னால் இந்த இரண்டும் நடந்துகொண்டே இருக்கின்றன. எண்ணும் எழுத்தும் பட்டியலும் மட்டும் வந்தால் இதில் பெரிய ஆபத்து இல்லை. சிக்கல், தரவோடு சேர்ந்து ‘இது இன்ன வகைப் பொருள், இன்ன ஃபங்ஷனை அழைத்து இதைக் கட்டு’ என்ற குறிப்பையும் அனுப்பலாம் என்று அனுமதிக்கும்போது தொடங்குகிறது. தபாலில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்ல ஓர் எழுத்தரை அமர்த்துகிறோம். அவரோ, கடிதத்தில் ‘பீரோவைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடு’ என்று எழுதியிருந்தால் அதைப் படித்துக் காட்டுவதற்குப் பதிலாகச் செய்தே முடித்துவிடுகிறார். அனுப்பியவர் யார் என்று அவர் கேட்பதில்லை, கேட்கச் சொல்லி அவருக்கு உத்தரவும் இல்லை.

யேமல் என்ற வடிவம் 2001-ல் பிறந்தது. அடைப்புக்குறிகளின் நெரிசல் இல்லாமல் மனிதர் படிக்கவும் எழுதவும் தோதாக இருந்ததால், சர்வர்களின் செட்டிங்குகளை எழுதிவைக்க அது பரவலாகப் பிடித்துப்போனது. அதைப் பைத்தானில் படிப்பதற்காக கிரில் சிமோனோவ் 2006-ல் பை-யேமலை வெளியிட்டார். பைத்தானின் எந்தப் பொருளையும் எழுதிவைத்து மீட்டெடுக்கலாம் என்பது அன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வசதி. லைப்ரரியில் இரண்டு கட்டளைகள் இருந்தன. ‘லோட்’ எதையும் கட்டும். ‘சேஃப் லோட்’ எண், எழுத்து, தேதி, பட்டியல் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளும். நம்பகமில்லாத இடத்திலிருந்து வரும் தரவுக்கு ‘லோட்’ கூடாது என்று கையேடு தெளிவாகவே சொன்னது. ஆனால் ஒரு லைப்ரரியை முதன்முதலாகக் கையில் எடுக்கும் புரோகிராமரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஒரு ஃபைலைப் படிக்க வேண்டும். ‘லோட்’ என்று ஒன்று கண்ணில் படுகிறது. அடித்துப் பார்க்கிறார், ஃபைல் திறந்துகொள்கிறது. அதற்குமேல் கையேட்டைப் புரட்ட அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? எச்சரிக்கையைத் தேடிப் போகிறவர்கள், பெரும்பாலும் ஆபத்து இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர்கள்தான். தெரியாதவருக்கு அது போய்ச் சேர்வதேயில்லை.

எனவே இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: இத்தகைய லைப்ரரிக்கு வரும் பாதுகாப்பு அப்டேட், பயன்படுத்துபவர் எதையும் குறிப்பிடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை மாற்ற வேண்டும். புரோகிராமர்கள் டீஃபால்ட் என்று சொல்லும் அந்த இயல்புநிலையைத் தொடாமல் சுற்றியிருப்பவற்றை மட்டும் ஒட்டுப்போடும் அப்டேட், ஆபத்தைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே.

இதற்கு முதல் சாட்சி பைத்தானின் பக்கத்து வீட்டிலேயே கிடைத்தது. 2013 ஜனவரியில், ரூபி மொழியில் எழுதப்பட்ட ரெயில்ஸ் என்ற வலைத்தளக் கட்டமைப்பில் இதே வகை ஓட்டை வெளிப்பட்டது. எக்ஸ்எம்எல் வடிவில் வரும் கோரிக்கைக்குள் யேமலைப் பொதிந்து அனுப்பினால், சர்வர் அதையும் அவிழ்த்துப் படித்து, அதில் சொன்ன பொருள்களையெல்லாம் கட்டியது. நெதர்லாந்தில் குடிமக்கள் அரசுச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படுத்தும் டிஜிடி என்ற அடையாள அமைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அந்த மாதம் முடிவதற்குள், ரூபி புரோகிராமர்கள் தங்கள் லைப்ரரிகளைப் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கிடங்கான ரூபிஜெம்ஸ் தளத்துக்குள்ளும் யேமல் வழியாகவே ஒருவர் புகுந்தார். ஆக 2013-லேயே உலகத்துக்குச் செய்தி தெரியும். பைத்தான் உலகம் அதன்பிறகும் ஆறு ஆண்டுகள் பழைய ‘லோட்’டோடு ஓடியது.

2018 ஜூன் மாதம் பை-யேமலை அப்போது கவனித்துக்கொண்டிருந்த தன்னார்வலர்கள் 4.1 என்ற பதிப்பை வெளியிட்டார்கள். அதில் ‘லோட்’ என்றாலே பத்திரமான ‘லோட்’தான். எதையும் கட்டும் பழைய திறன் வேண்டுமென்றால் ‘ஆபத்தான’ என்ற அடைமொழி கொண்ட வேறு பெயரில் அழைக்க வேண்டும். நேர்மையான, சரியான மாற்றம். ஆனால் பழைய நடத்தையை நம்பியிருந்த புரோகிராம்கள் பல ஒரே நாளில் உடைந்தன, கூச்சல் எழுந்தது, 4.1 திரும்பப் பெறப்பட்டது. ஜூலையில் 3.13 என்று பழைய நடத்தையோடே ஒரு பதிப்பு வந்தது. இதே சமயத்தில்தான் பழைய ‘லோட்’டுக்கு சிவிஇ-2017-18342 என்ற அதிகாரபூர்வப் பலவீன எண்ணும் கிடைத்தது. தீவிரம் பத்துக்கு 9.8 என்று மதிப்பிட்டார்கள். நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று, மருந்தை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்து வந்தது ஒரு சமரசம். 2019 மார்ச்சில் வெளியான 5.1 பதிப்பில் ‘ஃபுல் லோடர்’ என்ற நடுவழி ஒன்று புகுத்தப்பட்டது. பழையபடி பைத்தான் பொருள்களில் பலவற்றைக் கட்டலாம். கட்டளை ஓட்டுவதற்கு வழிவிடும் வகைகளை மட்டும் தடுத்துவிடலாம் என்பது எண்ணம். ஏற்றும் முறையைக் குறிப்பிடாமல் ‘லோட்’ என்று அழைப்பவருக்கு இந்த நடுவழி கிடைக்கும், கூடவே திரையில் ஓர் எச்சரிக்கை வரியும் வரும். யாருடைய புரோகிராமும் பெரிதாக உடையவில்லை, எல்லோரும் நிம்மதியானார்கள். அது ஓராண்டுக்குமேல் நீடிக்கவில்லை. தடுக்காமல் விட்ட வகைகளில் ஒன்றைச் சாமர்த்தியமாகக் கோத்தால் பழையபடி கட்டளை ஓட்டலாம் என்று காட்டினார்கள். அதற்கு 2020 மார்ச்சில் 5.3.1 என்ற திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தையும் தாண்டலாம் என்று மறுபடி காட்டினார்கள். அதற்கு 2021 ஜனவரியில் 5.4 வந்தது. இந்த முறைதான் ‘ஃபுல் லோடர்’ தன்னிச்சையான பைத்தான் பொருள்களைக் கட்டும் வேலையைக் கைவிட்டது. அந்த வேலை ஆபத்தானது என்று பெயரிலேயே சொல்லும் லோடருக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் 6.0 வந்தபோது, எந்த முறையில் ஏற்ற வேண்டும் என்று சொல்லாமல் ‘லோட்’ என்று மட்டும் எழுதினால் புரோகிராம் ஓடவே மறுத்தது. மூன்றாண்டுகளும் புதிய பலவீன எண்களும் செலவழித்து, 2018-ல் கைவிட்ட கொள்கைக்கே கிட்டத்தட்டத் திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

நடுவழி ஏன் நிற்கவில்லை என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. எவற்றைக் கட்டக் கூடாது என்று பட்டியல் போடுபவர், ஆபத்தான ஒவ்வொரு வகையையும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். தாக்குபவருக்கு விட்டுப்போன ஒன்று போதும். ஜாவா உலகில் ஜேசான் தரவைக் கையாளும் ஜாக்சன் லைப்ரரியின் வரலாறு இதைப் பக்கம் பக்கமாகச் சொல்லும். 2017-ல் முதல் ஓட்டை வெளிப்பட்டதும் ஆபத்தான வகைகளைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். பிறகு வேறொரு லைப்ரரியில் இன்னொரு ஆபத்தான வகை இருப்பதை யாரோ கண்டுபிடிப்பார். அதையும் சேர்த்து ஒரு அப்டேட் வரும். அடுத்த மாதம் இன்னொன்று. பல டஜன் பலவீன எண்கள் இப்படியே சேர்ந்தன. 2019 செப்டம்பரில் வந்த 2.10 பதிப்பு, எவற்றைக் கட்டலாம் என்பதைப் பயன்படுத்துபவரே சொல்லும் முறையைக் கொடுத்த பிறகுதான் இந்தத் துரத்தலிலிருந்து வெளியேற ஒரு வழி கிடைத்தது. எக்ஸ்எம்எல்லுக்கான எக்ஸ்ஸ்ட்ரீம் லைப்ரரியும் அதே பாதையில் நடந்து, 2021 ஆகஸ்டில் 1.4.18 பதிப்பில் தடுப்புப் பட்டியலை விட்டு அனுமதிப் பட்டியலை டீஃபால்ட் ஆக்கியது. வெவ்வேறு மொழிகள், வெவ்வேறு ஆட்கள். ஆனால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதலாவது, கவனிக்கத்தக்க வாதம்தான். கத்தியை விற்றவனைக் குற்றம் சொல்லலாமா, லைப்ரரி தன்னால் என்ன முடியும் என்று சொல்லியது, நம்பக் கூடாத தரவை அதில் கொட்டியது பயன்படுத்தியவர் தவறு என்பது. ஜாவாவின் ஸ்னேக்-யேமல் லைப்ரரியைப் பராமரிப்பவர்கள் 2022 டிசம்பரில் தங்கள் லைப்ரரிக்கு 9.8 என்ற தீவிர மதிப்பெண்ணோடு பலவீன எண் வந்தபோது ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். தங்கள் லைப்ரரியை மிகப் பெரும்பாலோர் சொந்த செட்டிங் ஃபைலைப் படிக்கவே வைத்திருக்கிறார்கள். அந்த ஃபைலை மாற்ற முடிந்தவன் ஏற்கனவே சர்வருக்குள் இருப்பவன். அவனுக்கு இந்த ஓட்டை எதற்கு? தர்க்கத்தில் பிழை இல்லை. தீவிர மதிப்பெண்கள் சூழலைப் பார்க்காமல் உச்சத்தைப் போட்டுவிடுகின்றன என்ற அவர்கள் குறையும் நியாயமானது, 9.8 என்ற எண்ணைப் பார்த்தே அலுத்துப்போய் உண்மையான ஆபத்தையும் அலட்சியப்படுத்தும் அலுவலகங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலோருக்குப் பழைய வசதி தேவையில்லை என்பதை அதே வாதமே ஒப்புக்கொள்கிறது. செட்டிங் ஃபைலில் எண்ணும் பெயரும் மட்டும்தான் இருக்கப்போகிறது என்றால், எந்தப் பொருளையும் கட்டும் திறன் அங்கே எதற்கு? தேவைப்படும் சிலர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். 2023 பிப்ரவரியில் ஸ்னேக்-யேமல் 2.0 அதைத்தான் செய்தது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. டீஃபால்டை மாற்றினால் ஓடிக்கொண்டிருப்பவை உடையும். உடையும் என்று பயந்தவர்கள் பழைய பதிப்பிலேயே ஆணியடித்து நின்றுவிடுவார்கள். அப்புறம் வரும் எந்த அப்டேட்டும் அவர்களைச் சேராது. இது வெறும் கற்பனை அல்ல. கன்டெய்னர்களை இயக்கப் புரோகிராமர்கள் நெடுநாள் பயன்படுத்திய டாக்கர்-கம்போஸ் கருவியின் பைத்தான் பதிப்பு, பை-யேமல் 6-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருந்தது. 2023 ஜூலையில் சைத்தான் என்ற துணைக்கருவியின் மூன்றாம் பதிப்பு வெளியானதும், பை-யேமல் 5.4.1-லேயே நின்றிருந்தவர்களால் அந்தப் பதிப்பைப் புதிதாக நிறுவக்கூட முடியாமல் உலகம் முழுக்கத் தானியங்கி வேலைகள் நின்றுபோயின. சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் ஏற்பட்ட மாற்றம், தள்ளிப்போட்ட வேலையை ஒரே காலைப்பொழுதில் எல்லோர் தலையிலும் இறக்கியது. உடைவுக்கு விலை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் யாருடைய விலை, எப்போது என்று கேட்க வேண்டும். டீஃபால்ட் மாறினால் உடைவது வெளிப்படையாக, பகலில், சம்பளம் வாங்கும் ஒருவர் முன்னால் உடைகிறது. அவர் ஒரு சொல்லைச் சேர்த்துச் சரிசெய்துவிடுகிறார். மாறாமல் விட்டால் விலையைக் கொடுப்பவர், அந்த லைப்ரரியின் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு நோயாளியோ பயணியோ ஆகிவிடலாம்.

பயணி என்றது சும்மா அல்ல. அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் என்ற ஜாவா லைப்ரரியில் இருந்த சில வகைகளை, ஜாவாவின் டீசீரியலைசேஷனோடு கோத்தால் சர்வரில் கட்டளை ஓட்டலாம் என்பது 2015-ல் வெளிப்பட்டது. அந்த நவம்பரிலேயே, ஆபத்தான வகைகளை அந்த வழியில் கட்டுவதை டீஃபால்டாக நிறுத்திய 3.2.2 பதிப்பு வந்துவிட்டது. ஓராண்டு கழித்து, 2016 நவம்பரில், சான் பிரான்சிஸ்கோ நகரப் போக்குவரத்து நிறுவனமான முனியின் கணினிகளை ஒருவர் பூட்டிவைத்து 100 பிட்காயின் கேட்டார். டிக்கெட் இயந்திரங்கள் முடங்கின, கதவுகளைத் திறந்துவைத்து மக்களை இலவசமாக ஏற்றினார்கள். இந்தப் பழைய ஓட்டை வழியாகத்தான் புகுந்தார்கள் என்று கூகுள் பொறியாளர்கள் பின்னர் எழுதினார்கள். ஆக, டீஃபால்டை மாற்றினாலும் அப்டேட்டைப் போட்டுக்கொள்ளாதவருக்குப் பயனில்லை. என் வாதத்தின் எல்லை இது, மறைக்க விரும்பவில்லை. அதே கூகுள் ஊழியர்களில் சுமார் 50 பேர், தாமாக முன்வந்து, பழைய பதிப்பையே நம்பிக்கொண்டிருந்த 2,600-க்கும் மேற்பட்ட ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டுகளுக்குத் தாங்களே திருத்தம் எழுதி அனுப்பினார்கள். யாரும் கேட்டு அவர்கள் செய்யவில்லை. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஐம்பது பேர் முன்வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வராத இடங்களில், முதல் நாளே பத்திரமாக எழுதப்பட்டவை மட்டுமே பத்திரமாக இருக்கும்.

இங்கே இன்னொரு கேள்வியும் எழுகிறது: சம்பளமில்லாத தன்னார்வலர்களிடம் இத்தனையும் கேட்பது நியாயமா? நியாயமில்லை. பை-யேமல் 4.1-க்கு எழுந்த கூச்சலில் பெரும்பகுதி, அதை இலவசமாகப் பயன்படுத்திச் சம்பாதிப்பவர்களிடமிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது தவறாகாது. அந்த வகையில், 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் பொறுப்பைச் சரியான தோளுக்கு நகர்த்துகிறது. இலவசமாக எழுதித் தரும் தனிநபரை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அவருடைய லைப்ரரியைப் பொருளுக்குள் வைத்து விற்பவர், பாதுகாப்பான டீஃபால்டோடுதான் விற்க வேண்டும் என்கிறது. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் கட்டாயமாகின்றன. சட்டம் ஏட்டில் நிற்குமா, நடக்குமா என்பது வேறு, திசை சரி.

இப்போது இதே நாடகம் செயற்கை நுண்ணறிவு மேடையில் மறுபடி நடக்கிறது. பயிற்றுவிக்கப்பட்ட மாடல்களைச் சேமிக்கப் பலரும் பைத்தானின் ‘பிக்கிள்’ வடிவத்தைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். பை-யேமலின் பழைய ‘லோட்’டுக்கு இருந்த அதே குணம் பிக்கிளுக்கும் உண்டு: ஃபைலைத் திறப்பதே அதில் எழுதியிருப்பதை ஓட்டுவதாகிவிடும். இணையத்திலிருந்து மாடல்களை இறக்கி ஓட்டிப் பார்க்கும் மாணவர்கள், அறிமுகமில்லாத யாரோ எழுதிய கட்டளையைத் தங்கள் கணினியில் ஓட்டும் அபாயத்தோடுதான் அதைச் செய்து வந்தார்கள். பைடார்ச் லைப்ரரி, எண்களை மட்டும் ஏற்றும் ஒரு வழியைச் சில ஆண்டுகளாகவே வைத்திருந்தது, கேட்பவருக்கு மட்டும். 2025 ஜனவரியில் வந்த 2.6 பதிப்பில்தான் அதை டீஃபால்ட் ஆக்கினார்கள். அதற்குச் சில மாதங்களில், 2.5.1 வரையிலான பதிப்புகளில் அந்தப் பத்திரமான வழியையே தாண்ட முடியும் என்பது வெளியானது. எனவே அனுமதிப் பட்டியல் முறையிலும் பிழை வரும். ஆனால் அதில் வருவது திருத்தி முடிக்கக்கூடிய பிழை. முன்பு இருந்ததோ பிழையே அல்ல, அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

எதிர்பார்த்தபடி 2.6-க்கு மாறியதும் பல பழைய மாடல்கள் ஏறவில்லை. அப்போது திரையில் வரும் செய்தி படிக்கத்தக்கது. டீஃபால்ட் மாறிவிட்டது என்று சொல்கிறது; பழையபடி ஏற்ற எந்த விருப்பத்தை எப்படி மாற்றி எழுத வேண்டும் என்று சொல்கிறது; அப்படிச் செய்தால் ஃபைலில் உள்ள எந்தக் கட்டளையும் ஓடலாம், வந்த இடத்தை நம்பினால் மட்டும் செய்யுங்கள் என்றும் சொல்கிறது. அவசரத்தில் இருப்பவர் அந்த விருப்பத்தை அப்படியே ஒட்டிவிட்டுப் போவார், சந்தேகமே வேண்டாம். ஆனால் முன்பு எழுதப்படாத ஒன்றாக இருந்த ஆபத்து, இப்போது அவருடைய புரோகிராமில் ஒரு சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. நாளை அந்த நிறுவனத்தில் பாதுகாப்பைச் சோதிக்க வருபவர் அந்தச் சொல்லைத் தேடினால், எந்தெந்த ஃபைலில் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று சில நொடிகளில் பட்டியல் வந்துவிடும்.